முழுக்கை

அந்தக் குடியிருப்பில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்றாலும் செக்ரட்டரி, மாடிப்படி விளக்கு எரியவில்லை என்றாலும் செக்ரட்டரி. பிழைப்புக்கு அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் பாதி லிஃப்டுகள் அவர் கைபட்டு ஓடுபவை. ஆனால் அந்த வேலை தராத மரியாதையைச் சம்பளமில்லாத இந்தப் பதவி தந்தது. சாயங்காலம் கிரீஸ் கறையோடு வாசலில் நுழைந்தால் நாலு பேர் எழுந்து நின்று பேசுவார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

மூன்றாம் மாடிக்காரனைக் காலி செய்ய வைத்தபிறகு அந்த மரியாதை இன்னும் ஏறியது. அவன் பெண்டாட்டியை அடிக்கிறவன். சத்தம் எல்லாருக்கும் கேட்கும். எல்லாரும் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வார்கள். செக்ரட்டரிதான் போய்க் கதவைத் தட்டினார். கூட்டம் போட்டார், வீட்டு உரிமையாளரிடம் பேசினார், மாதம் முடிவதற்குள் அந்தக் குடும்பம் மூட்டை கட்டியது. "பொம்பளை மேல கை வைக்கிறவன் இருக்கிற கட்டடத்துக்கு நான் செக்ரட்டரியா இருக்க முடியாது" என்று அவர் கூட்டத்தில் சொன்னதைப் பெண்கள் வெகுநாள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெண் போன இடத்தில் எப்படி இருக்கிறாள் என்று யாரும் விசாரிக்கவில்லை. செக்ரட்டரியும் விசாரிக்கவில்லை.

அவருடைய மனைவியைச் சின்ன வயதிலிருந்தே எல்லாரும் சிட்டு என்றுதான் அழைத்தார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு பார்லரில் முடிவெட்டும் வேலை. கத்தரிக்கோல் ஒரு பக்கம் ஓடினால் வாய் இன்னொரு பக்கம் ஓடும். அவளிடம் வெட்டிக்கொள்வதற்காகவே காத்திருந்து வருகிறவர்கள் உண்டு. பாதி பேர் முடிக்காக வந்தார்கள், பாதி பேர் பேச்சுக்காக.

முதலில் வந்தது முழங்கைக்கு மேலே ஒரு நீலத் திட்டு. எங்கே இடித்துக்கொண்டோம் என்று அவளுக்கே நினைவில்லை. அது மஞ்சளாகி மறைவதற்குள் மணிக்கட்டில் ஒன்று, தோளில் ஒன்று. கை முழுக்கச் சிவப்பு மை தெளித்ததுபோலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். பார்லரில் அரைக்கைச் சீருடைதான். யார் கண்ணிலிருந்தும் தப்பாது. பார்லரை நடத்துகிற அக்கா ஒரு மத்தியானம் அவளைத் தனியாக அழைத்து, வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மெல்லக் கேட்டாள்.

"ஏன் கேக்கறீங்க, தினம் அடிதான்க்கா. காலையில பல் விளக்கினதும் ஒரு தடவை, சாயங்காலம் காப்பிக்கு அப்புறம் ஒரு தடவை. நேரம் மட்டும் தவறவே மாட்டாரு" என்றாள் சிட்டு, முகத்தை வெகு சோகமாக வைத்துக்கொண்டு. பிறகு சிரிப்பை அடக்கமாட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவும் சிரித்தாள். ஆனால் முழுமனதாகச் சிரிக்கவில்லை.

அன்று மாலை இதைக் கணவனிடம் சொல்லும்போதும் சிட்டுவுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. அவர் சிரிக்கவில்லை.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? நாலு பேர் நம்பிட்டா?"

"நம்பறவங்க நம்பிட்டுப் போகட்டும். கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட என்னைக் கூப்பிடற ஆளு நீங்க."

"உனக்கு எல்லாமே விளையாட்டு" என்றார் அவர்.

அவருக்கு விளையாட்டாக இல்லை. முந்தின நாள் லிஃப்டில் ஏழாம் மாடி அம்மாள் சிட்டுவின் கையைப் பார்த்தாள், அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் எண் விளக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக அவரிடம் குழாய், மின்கட்டணம் என்று எதையாவது பேசுகிறவள் அன்று வாயைத் திறக்கவில்லை. அந்த ஏழு மாடியும் அவருக்கு உடம்பு கூசியது. செய்யாத தப்புக்கு இப்படிக் கூசவேண்டியிருக்கிறதே என்று கோபமும் வந்தது. அந்தக் கோபம் யார் மேல் என்று அவர் யோசித்துப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் வந்ததும் சிட்டுவிடம், "முழுக்கை வச்ச எதையாவது போட்டுக்கிட்டு வெளிய வந்தா என்ன?" என்று கேட்டார்.

இந்தப் பேச்சு நடந்த மறுநாள் அவரே கடைக்குப் போய் முழுக்கைச் சட்டைகள் வாங்கி வந்தார். நல்ல துணிதான், நல்ல நிறம்தான். சிட்டு போட்டுப் பார்த்து, "என்னைப் பார்சல் கட்டி எங்க அனுப்பப் போறீங்க?" என்றாள். ஆனாலும் பார்லர் சீருடைக்கு உள்ளேயும் அதையே போட்டுக்கொண்டாள்.

பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. சில காலைகளில் தலையணை உறையில் துளித்துளியாகக் கறை இருந்தது. மாடி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். "ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாங்க" என்றாள். தெருமுனையில்தான் கிளினிக். அங்கே வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள் இதே கட்டடத்து இரண்டாம் மாடிப் பெண்.

"இந்தக் கையோட அங்க போய் நின்னா, டாக்டர் உன்னைப் பார்க்கறதுக்கு முன்னாடி என்னைத்தான் பார்ப்பாரு. கொஞ்சம் மறையட்டும், போலாம்."

பழையது மறைந்தது. மறைவதற்குள் புதியது வந்தது. அவர் மருந்துக்கடையில் கேட்டு இரும்புச்சத்து மாத்திரை வாங்கிவந்தார். ஈறுக்கு மெத்தென்ற பிரஷ் வாங்கிவந்தார். அக்கறை இல்லாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவளாவது தனியாகப் போயிருக்கலாம். ஆனால், நீ தனியாகப் போய் உட்கார்ந்தால் புருஷன் ஏன் வரவில்லை என்று இன்னும் சந்தேகப்படுவார்கள் என்று அவர் சொல்லிவைத்திருந்தார். கணவனை யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்று அவளும் போகவில்லை. மறுபடி அவள் கேட்டபோது, "வருஷக் கூட்டம் முடியட்டும் சிட்டு, அடுத்த வாரமே போயிடலாம்" என்றார். அந்தக் கூட்டத்தில்தான் புதுச் செக்ரட்டரியைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்காகத்தான் தள்ளிப்போடுகிறோம் என்று அவர் தனக்குள்ளேகூட ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டம் நடந்தது. அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். கைதட்டினார்கள். ஏழாம் மாடி அம்மாள் மட்டும் தட்டவில்லை என்பதை அவர் கவனித்தார்.

அந்த வாரம் பார்லரில் சிட்டு ஒரு பெண்ணுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். முழுக்கையின் விளிம்பு சீப்பில் சிக்கியது. இழுத்தபோது கத்தரிக்கோல் நழுவி இடது கை நடுவிரல் நுனியில் இறங்கியது. இத்தனை வருஷத் தொழிலில் அவள் தன்னை வெட்டிக்கொண்டதே இல்லை. சின்ன வெட்டுத்தான். ஆனால் ரத்தம் நிற்கவில்லை. பஞ்சு மாற்றி, துணி மாற்றி, கடைசியில் ஒரு வழியாக நின்றது. அடுத்தடுத்த நாட்களில் விரல் வீங்கவில்லை, சீழ் பிடிக்கவில்லை. அதனால் ஆறுகிறது என்றே இருவரும் நினைத்தார்கள். ஆறவில்லை. நுனி கருத்துக்கொண்டே வந்தது.

ஒரு முற்பகலில் பார்லரிலேயே அவளைக் குளிர் நடுக்கியது. உட்கார்ந்த நாற்காலி ஆடுகிற அளவுக்கு நடுக்கம். தொட்டுப் பார்த்த அக்கா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள், அப்படிக் கொதித்தது. செக்ரட்டரியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கம்பிவடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். போன் கீழே பையில் இருந்தது. அக்கா அதற்குமேல் காத்திருக்காமல் டாக்ஸி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விட்டாள்.

அவர் வந்து சேர்ந்தபோது அவசரப் பிரிவில் சிட்டுவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். கொஞ்சம் வெளியே நில்லுங்கள் என்றார்கள். நின்றார். உள்ளே நர்ஸ் தணிந்த குரலில் கேட்பது திரை வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"இங்க நாம ரெண்டு பேர்தான் இருக்கோம். பயப்படாம சொல்லுங்கம்மா. வீட்டுல யாராவது உங்களை அடிக்கிறாங்களா?"

சிட்டு இப்போது ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிடப் போகிறாள் என்று அவர் பயந்தார். அவள் வேடிக்கை பேசவில்லை.

"இல்லைங்க. அவர் என்னை அதட்டிக்கூடப் பேசினதில்லை" என்றாள். பேசுவதற்கே அவளுக்கு மூச்சு போதவில்லை.

"அப்ப இதெல்லாம் எவ்வளவு நாளா இருக்கு?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்."

"இவ்வளவு நாள் ஏன் வரலை?"

"பார்லர்ல கூட்டம். லீவு கிடைக்கலை" என்றாள் சிட்டு.

திரைக்கு வெளியே செக்ரட்டரிக்குப் பக்கத்தில்தான் பார்லர் அக்கா நின்றுகொண்டிருந்தாள். நேற்றுக்கூட, லீவு எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார் என்று சிட்டுவிடம் கெஞ்சியவள் அவள். திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

ரத்தப் பரிசோதனை வந்ததும் ஆஸ்பத்திரி பரபரப்பானது. அவளைக் கண்ணாடிச் சுவர் வைத்த தனி அறைக்கு மாற்றினார்கள். மறுநாள் இடுப்பு எலும்பில் ஊசி போட்டு உள்ளிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். ரத்தநோய் டாக்டர் இளம் வயதுக்காரர், பொறுமையாகப் பேசினார்.

"ரத்தம் எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜையிலதான் உற்பத்தியாகுது. இவங்களுக்கு அந்த மஜ்ஜை வேலையை நிறுத்திடுச்சு. சிவப்பணு இல்லாததால மூச்சு வாங்குது. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு இல்லாததால சும்மா பட்டாலே உள்ளுக்குள்ள கசிஞ்சு நீலமாகுது. அதைவிட மோசம், கிருமியோட சண்டை போடற வெள்ளையணு அநேகமா இல்லை. அதான் விரல்ல சீழ்கூடப் பிடிக்கலை. சீழ் பிடிக்கவும் வெள்ளையணு வேணும்."

"இது எதனால வந்தது டாக்டர்?"

"பெரும்பாலும் காரணம் தெரியாது. நிச்சயமா யாரும் அடிச்சு வந்ததில்லை" என்றார் டாக்டர். நர்ஸ் கேட்டதை மனதில் வைத்து ஆறுதலாகத்தான் சொன்னார்.

அதைக் கேட்டதும் செக்ரட்டரியின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்பாடா என்றிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி கொதிக்கிற காய்ச்சலில் கிடக்க, இந்தப் பக்கம் அவருக்கு அப்பாடா என்றிருந்தது. அது ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. ஆனால் இருந்தது. அதன்பின் எத்தனையோ தடவை அந்த ஒரு மூச்சை நினைத்து, சாப்பிடுகிற கையை அப்படியே நிறுத்தியிருக்கிறார்.

டாக்டர் மேலே சொன்னார். கூடப்பிறந்தவர் யாராவது இருந்தால், பொருத்தம் இருந்தால், அவருடைய மஜ்ஜையை இவளுக்கு ஏற்றலாம், இந்த வயதில் நல்ல பலன் உண்டு. காய்ச்சல் வருவதற்கு முன்பே வந்திருந்தால் நேராக அதற்கே போயிருக்கலாம். இப்போது கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, முதலில் அதை அடக்கவேண்டும், அடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது.

செக்ரட்டரி வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தார். செய்தியைச் சிட்டுவின் தம்பிக்குச் சொல்லவேண்டும். அவன் வேறு ஊரில் பள்ளி ஆசிரியர். போனை எடுத்தார். கைவிரல் தானாகக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவைத் திறந்தது. நீளமாக எழுதினார். மனைவிக்கு எலும்பு மஜ்ஜை செயலிழந்த அரிய ரத்தநோய், எல்லாரும் பிரார்த்தியுங்கள் என்று எழுதினார். இந்த நோயினால்தான் உடம்பில் காரணமில்லாமல் காயங்கள்போலத் தோன்றின என்று ஒரு வரி சேர்த்தார். அதைத் தனிப் பத்தியாகப் பிரித்து வைத்தார். அனுப்பினார். ஆறுதல்கள் கொட்டின. ஏழாம் மாடி அம்மாள் கைகூப்பிய படம் போட்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் மைத்துனனுக்குப் போன் செய்தார்.

தம்பி அன்று மாலையே வந்து இறங்கினான். பொருத்தம் பார்க்க ரத்தம் கொடுத்தான். சில நாளில் பொருந்துகிறது என்று தெரிந்தது. ஆனால் விரலில் இருந்த கிருமி விடவில்லை. எந்தெந்த மருந்து பாட்டில்களையோ மாற்றி மாற்றி ஏற்றினார்கள். விரல் நுனியின் கருப்பு கீழே இறங்கத் தொடங்கியதும், முதல் கணுவோடு எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். தட்டணு ஏற்றிக்கொண்டே எடுத்தார்கள். முடிவெட்டுகிறவளுக்கு இடது கை நடுவிரல் என்பது முடியைப் பிடித்து நிறுத்துகிற விரல். செக்ரட்டரிக்கு அது தெரியும். பார்லரில் அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முடி வழுக்கி விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

காய்ச்சல் இறங்கி, அவள் தலையணையில் சாய்ந்து உட்காரத் தொடங்கிய ஒரு பகலில் அவர் உள்ளே போனார். கை கழுவி, மாஸ்க் போட்டு, அங்கி மாட்டி, பிறகுதான் போக முடியும். சிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"குழுவுல நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள்.

அவர் அங்கியின் முடிச்சைச் சரிசெய்தார்.

"காயத்தைப் பத்தி ஒரு வரி இருக்கே, அதைத் தனியா போட்டிருக்கீங்க. கண்ணுல படணும்னு."

"சிட்டு..."

"என் தம்பிக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே போட்டிருக்கீங்க. இதுல நேரம் காட்டுது, நீங்க எப்ப கூப்பிட்டீங்கன்னு அவன் சொன்னான்."

அவள் குரல் உயரவே இல்லை. பார்லரில் அத்தனை பேரைச் சிரிக்க வைத்த குரல் அது. அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தப்புதான். பயந்துட்டேன்" என்றார்.

"எதுக்கு? எனக்கு என்ன ஆகுமோன்னா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது. மாஸ்க்குக்குள் அவர் மூச்சே அவருக்குச் சுட்டது.

"இல்லை" என்றார்.

சிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். "நீங்க நிஜமாவே அடிச்சிருந்தா, கோவிச்சுக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். இதுக்கு என்னன்னு சொல்லிட்டுப் போறது?" என்றாள். அப்புறம் அசதியாக இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே தம்பி காத்திருந்தான். சிட்டு காய்ச்சலுக்கு நடுவில் கண்விழிக்கும்போதெல்லாம் லீவு கிடைக்கவில்லை என்ற அதே கதையை அவனிடமும் சொல்லியிருந்தாள். அவன் பார்லர் அக்காவிடம் பேசிவிட்டு வந்திருந்தான்.

"மாமா, பார்லர்ல லீவு தரேன்னுதான் சொல்லியிருக்காங்க. அக்கா ஏன் வரலை?"

"நான்தான் தடுத்தேன். பார்க்கிறவங்க என்னைத் தப்பா நினைப்பாங்கன்னு."

திட்டுவான், சட்டையைப் பிடிப்பான் என்று செக்ரட்டரி எதிர்பார்த்தார். பிடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவன், "அவ்வளவுதானா?" என்று மட்டும் கேட்டான். அக்கா பிழைப்பாளா மாட்டாளா என்று அலைந்த இத்தனை நாளுக்கும் காரணம் இத்தனை சின்னதா என்று அவனால் நம்ப முடியவில்லை. கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுந்து போனான். அதற்குப் பிறகு அவன் அவரிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. தேவையைத் தாண்டியும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

தம்பியின் மஜ்ஜையை ஏற்றினார்கள். அதற்கு முன்னால் கொடுத்த கடுமையான மருந்துகளில் சிட்டுவின் முடி கொட்டியது. "ஊருக்கெல்லாம் வெட்டினேன், எனக்கு இவங்களே இலவசமா வெட்டிட்டாங்க" என்று நர்ஸிடம் சொன்னாளாம். நர்ஸ் சொல்லித்தான் செக்ரட்டரிக்குத் தெரியும். அவரிடம் அவள் வேடிக்கை பேசுவதில்லை. வாரங்கள் போயின. புதிய மஜ்ஜை பிடித்துக்கொண்டது, அணுக்கள் மெல்ல ஏறின. வீட்டுக்குப் போகலாம், ஆனால் மாதக்கணக்கில் யாரையும் அண்டவிடக் கூடாது, சாதாரணச் சளிகூட இவளுக்குச் சாதாரணமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

செக்ரட்டரி பதவியை விட்டுவிட்டார். வீட்டில் ஆள் சுகமில்லை என்ற காரணம் எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. எவ்வளவு நல்ல மனுஷன், பெண்டாட்டிக்காகப் பதவியையே விட்டார் என்று மறுபடி புகழ்ந்தார்கள். வாசலில் பார்க்கிறவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள். அவருக்கு அது கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. இல்லை, அப்படியில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அவரே சமைத்தார், துடைத்தார், கதவுப்பிடிகளைக் கழுவினார். சிட்டு நன்றாகவே பேசினாள்: தண்ணி வேணும், ஜன்னலைச் சாத்துங்க, மாத்திரை வேளையாச்சு. தம்பி விடுமுறை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் அறை பிடித்துத் தங்கியிருந்தான்.

ஒரு காலை எழுந்தபோது செக்ரட்டரிக்குத் தொண்டையில் லேசாக முள் குத்தியதுபோல இருந்தது. எச்சில் விழுங்கிப் பார்த்தார். பெரிதாக ஒன்றுமில்லை. வெந்நீர் குடித்தால் போய்விடும், மாஸ்க்தான் போட்டிருக்கிறோமே, சொல்லிப் பயமுறுத்துவானேன் என்று மனசு வழக்கம்போல ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தது. சமையலறையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரலை அவருக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது.

மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு, அவள் அறை வாசலுக்கு வராமல் கூடத்திலிருந்தே சொன்னார்.

"சிட்டு, எனக்குத் தொண்டை கரகரக்குது. நான் இங்க இருக்கக் கூடாது. உன் தம்பியை வரச் சொல்லிட்டேன். நான் நம்ம கம்பெனி ஸ்டோர்ல தங்கிக்கிறேன்."

"நேத்தே இருந்ததா?" என்றாள்.

"இல்லை. இன்னைக்குக் காலையிலதான்."

"சரி. கம்பளி எடுத்துக்கோங்க. அங்க சிமெண்டுத் தரை."

பையைத் தூக்கிக்கொண்டு படி வழியாகவே இறங்கினார். லிஃப்டில் யாரும் கூட வந்துவிடக் கூடாது. வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஏழாம் மாடி அம்மாளும் இருந்தாள். காலங்காத்தாலே பெட்டி படுக்கையோடு வீட்டைவிட்டுப் போகிற மனுஷனை எல்லாரும் பார்த்தார்கள். உடம்பு முடியாத பெண்டாட்டியை விட்டுவிட்டு எங்கே கிளம்பினார் என்ற கேள்வி ஒவ்வொரு முகத்திலும் இருந்தது. ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். கிட்டே போய்ப் பேசக்கூடாது என்பதால் அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தள்ளியே நடந்தார். முதுகுக்குப் பின்னால் யாரோ தணிந்த குரலில் ஏதோ சொன்னார்கள். காது சூடானது. திரும்பவில்லை.

ஸ்டோரில் பழைய கம்பிவடச் சுருள்களுக்கும் மோட்டார்களுக்கும் நடுவே இடம் ஒதுக்கிக் கம்பளியை விரித்தார். மத்தியானத்துக்குள் தும்மல் பிடித்துக்கொண்டது. நல்ல சளிதான். அந்த வீட்டில் இருந்திருந்தால் என்று நினைத்ததும் அவருக்குப் பயம் வந்தது. அந்தப் பயம் யாரைப் பற்றியது என்பதில் இந்தத் தடவை அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

சாயங்காலம் சிட்டுவே போன் செய்தாள்.

"காய்ச்சல் இருக்கா?" என்றாள்.

"லேசா இருக்கு. உனக்கு?"

"எனக்கு இல்லை. தம்பி கஞ்சி வைக்கிறேன்னு பாத்திரத்தையே கருக்கிட்டான்."

அவர் சிரிக்கப் போனார், இருமல் வந்தது. அவள் இருமல் அடங்கும்வரை போனை வைக்காமல் இருந்தாள். பிறகு, "முழுசாச் சரியானதும் வாங்க. அதுக்கு முன்னாடி வராதீங்க" என்றாள்.

"வர மாட்டேன்" என்றார் அவர்.